கல்லும் பெயரும்

(செஞ்சியில் மே 18 நினைவுநாட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



யூத மக்கள் தமக்கு நேர்ந்த பேரழிவைக் கல்லாலும் கட்டடத்தாலும் எங்ஙனம் நினைவில் நிறுத்தியுள்ளனர், நாம் என் செய்துள்ளோம் என்பது குறித்துப் பேசுமாறு அமைப்பாளர்கள் பணித்தனர். யான் செருமனியைக் கண்டவனல்லன்; எருசலேமையும் கண்டவனல்லன். நூலிற் படித்ததையும், ஆய்ந்தோர் எழுதியதையும், இவ்வூர்க் கற்கள் எனக்குச் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுகின்றேன்.

இம் மேடையினின்று நிமிர்ந்து நோக்கினால் இராசகிரி தெரிகின்றது. மூன்று மலைகளை வளைத்து நிற்கும் மதிலைக் காண எங்கெங்கிருந்தோ வருகின்றனர். அம் மதிலில் ஒரு கல்லையேனும் சுமந்த ஒருவன் பெயரை இங்குள்ளோரில் எவரேனும் சொல்லக் கூடுமா? கோன் மரபினர் தொடங்கினர் என்பர், நாயக்கர் பெருக்கினர், பீசப்பூரார் கொண்டனர், 1677இல் சிவாசி கைப்பற்றினார், 1698இல் முகலாயர் பிடித்தனர். பிடித்தவர் பெயரெல்லாம் உளது. சுமந்தவர் பெயர் இல்லை. 2025 சூலையில் ஐ.நா.வின் கல்வி பண்பாட்டு அமைப்பு உலக மரபுச் சின்னங்களின் பட்டியலிற் செஞ்சியைச் சேர்த்தது. மகிழ்ந்தோம். எந்தப் பெயரிற் சேர்த்தது? ‘மராத்தியர் படையியல் நிலப்பரப்புகள்’ என்னும் தலைப்பில், மராட்டிய மாநிலத்துப் பதினொரு கோட்டைகளோடு பன்னிரண்டாவதாக! அம் மக்கள் தம் வரலாற்றைப் பேணுகின்றனர். அவர்மேற் குறை சொல்ல எனக்கு நாவில்லை. பெயர் எழுதாதவன் வீட்டுக்குப் பெயர் எழுதுபவன் உரிமையாளனாகி விடுகின்றான் என்பதே யான் கண்டது. புதுச்சேரிக் கடற்கரையிற் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கற்றூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை நம் செஞ்சித் தூண்கள். பிரெஞ்சியர் பெயர்த்துக் கொண்டு சென்றவை. அவற்றின்கீழ் நின்று படம் எடுத்துக்கொள்வோரில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

தேசிங்கு 1714 அக்டோபர் 3ஆம் நாள் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மடிந்தான். அவன் வடபுலத்துப் புந்தேல மரபினன். ஆயினும் தமிழ்நாட்டுக் கூத்தும் கதைப்பாடலும் அவனை முந்நூறாண்டாக உயிரோடு வைத்துள்ளன. அவன் தோழனாகிய இசுலாமியனுக்கும், ஒரு குதிரைக்கும் நீலாம்பூண்டியிற் கல்லறை காட்டுகின்றனர். குதிரைக்கும் நீலவேணி என்று பெயர் உண்டு. அன்று அவனோடு வீழ்ந்த இவ்வூர்க் காலாட்களுக்கு ஒரு பெயரும் இல்லை.

இனி, ஊருக்கு வடக்கே சிறுகடம்பூர்ப் பக்கத்தில் உள்ள திருநாதர் குன்றுக்கு வாருங்கள். ஆண்டுதோறும் எட்டாம் வகுப்பு மாணவர்களை அழைத்துச் செல்வது என் வழக்கம். இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்களை ஒரே பாறையில் இரு வரிசையாகச் செதுக்கியுள்ளனர். பிள்ளைகள் அதன்முன் நின்று எண்ணிப் பார்ப்பார்கள். யான் அவர்களை அருகிலுள்ள சிறியதொரு கல்வெட்டுக்கு இழுத்துச் செல்வேன். சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாது நோற்று உயிர்விட்ட இடம் இது என்று அது சொல்லுகின்றது. தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறிவரும் நிலையைக் காட்டும் வரிவடிவம். எழுத்தின் வரலாறு அறிவோர்க்கு அது பெருஞ்செல்வம். நிசீதிகை என்று அயற்சொல்லால் அவ்விடத்தைக் குறித்திருக்கின்றனர். வடக்கிருத்தல் என்னும் அழகிய தமிழ்ச்சொல் நமக்கு இருக்க அதனை ஏன் ஆண்டனரோ! போகட்டும். சொல்ல வந்தது யாதெனின், மூன்று மலை மதில் சொல்லாததை அச் சிறுகல் சொல்லிவிட்டது. ஒரு பெயர், அவர் இறந்த முறை, அந்த இடம். ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டு கடந்தும் ஓர் எட்டாம் வகுப்பு மாணவன் அவர் பெயரை வாய்விட்டுப் படிக்கின்றான்.

அவர் தாமே விரும்பி ஏற்ற இறப்பு அது. யாம் இன்று பேசப் புகுவது விரும்பாதவர்மேல் ஏவப்பட்ட இறப்பு. இரண்டையும் ஒன்றென யான் சொல்லவில்லை. நினைவு எதனால் நிற்கின்றது என்பதற்கே அதனைக் காட்டினேன்.

1941 முதல் 1945 வரை இட்லரின் ஆட்சி ஏறத்தாழ 60 இலக்கம் யூதர்களைக் கொன்றது. அவர்களுள் ஏறத்தாழ 15 இலக்கம் பேர் குழந்தைகள். கொல்லுமுன் பெயரைப் பறித்தார்கள். ஆசுவிட்சு முகாமிற் கையிலே எண்ணைக் குத்தினார்கள். கொன்றபின் உடலை எரித்துச் சாம்பலையும் கரைத்தார்கள். அழிப்பதோடு, அழித்தமைக்குச் சான்றே இல்லாதவாறு செய்தல் அவர்கள் திட்டம். எனவே, பிழைத்தோர் எழுப்பிய நினைவிடத்துக்கு அவர்கள் வைத்த பெயரைக் கேளுங்கள். 1953இல் எருசலேமில் அமைந்த அதன் பெயர் ‘யாத் வசேம்’. அவர்களின் பழைய மறைநூலில் எசாயா பகுதியிலிருந்து எடுத்த தொடர். யாத் என்றால் கை. நினைவாக நாட்டப்படும் கல்லுக்கும் அதுவே பெயர். சேம் என்றால் பெயர். கல்லும் பெயரும்! பிள்ளையில்லாதவர்க்கும் அழியாத கல்லும் பெயரும் தருவேன் என்பது அங்கே இறைவன் கூற்றாக வரும் உறுதி. நம் பழந்தமிழ்ப் புலவர்கள் நடுகல்லைப் பாடும்போது பெயரையும் பெருமையையும் சேர்த்தே பாடினர் என்பதை இங்குள்ள தமிழாசிரியர்கள் அறிவர். ஒருவரையொருவர் காணாத இரு பழம்பெரு மொழிகள் ஒரே கருத்தில் வந்து கூடுவதைக் கண்டு யான் அன்றிரவு உறங்கவில்லை.

அங்கே பெயர்க்கூடம் என்று ஒன்று இருக்கின்றது. வட்டமான அறை, மேலே கூம்பிய கவிகையின் உட்புறம் முழுதும் ஏறத்தாழ 600 முகங்கள். சுற்றிலும் அடுக்குகளிற் கரிய கோப்புகள். கொல்லப்பட்ட ஒவ்வொருவர்க்கும், அவரை அறிந்த உறவினரோ அண்டை வீட்டாரோ தம் கைப்பட நிறைத்த தாள் ஒன்று: பெயர், பெற்றோர், பிறந்த ஊர், தொழில், இறந்த இடம். எழுபதாண்டுக்கும் மேலாகச் சேர்த்து இன்று ஏறத்தாழ 50 இலக்கம் பெயர்களை மீட்டுவிட்டனர். இன்னும் கிடைக்காதவர்க்காக அடுக்குகளில் வெற்றிடம் விட்டுள்ளனர். கட்டடத்தை வரைந்தவர் மோசே சப்தி. அவரே அங்குக் குழந்தைகளுக்கென ஒரு நிலவறையும் வடித்தார், 1987இல் திறந்தது. இருட்டில் ஒருசில மெழுகுத்திரிகள், சுற்றிலும் கண்ணாடி. சில சுடர் எண்ணற்ற விண்மீனாகப் பெருகித் தோன்ற, குழந்தையின் பெயரும் அகவையும் நாடும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்துக்கொண்டேயிருக்கும்.

நினைவுக்கல் எடுப்பதற்கு நம்மிடம் இலக்கணமே இருந்தது. தொல்காப்பியர் ஆறு துறை வகுத்தார்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேர்தல், கொணரத் தொடங்கல், நீராட்டல், நாட்டல், படையலிடல், வாழ்த்தல். இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்துக் காதைகளுக்கு இத்துறைப் பெயர்களையே வைத்தார். அக் காண்டம் முழுதும் ஒரு நினைவுச் சின்னம் எழுந்த கதைதானே! யாருக்கு? போரில் வென்றவனுக்கன்று, அரசு இழைத்த கொடுமைக்கு நீதி கேட்ட ஒரு பெண்ணுக்கு. அக் கல்லை யார் தலையில் ஏற்றினான் செங்குட்டுவன்? தமிழரை இழித்துரைத்த கனகவிசயர் தலையில். வார்சாவில் இதனை ஒத்ததொன்று நிகழ்ந்தது. அந்நகரில் அடைக்கப்பட்ட யூதர் 1943 ஏப்பிரலில் படைக்கலம் ஏந்தி எழுந்தனர், ஒடுக்கப்பட்டனர். ஐந்தாண்டு கழித்து, 1948இல் சிற்பி நாத்தான் இராப்பபோர்ட்டு அங்கே அவர்களுக்கு நினைவுச் சுவர் எழுப்பினார். அதற்கு வாய்த்த கல் எது? இட்லரின் ஆட்சியினர் தம் வெற்றிச் சின்னத்துக்கென்று சுவீடனிலிருந்து வாங்க வைத்திருந்த கல்! கொன்றவன் தன் புகழுக்குத் தேடிய கல் கொல்லப்பட்டவன் பெயரைத் தாங்கிற்று.

பெர்லினில் இருப்பது வேறு வகை. நாட்டின் தலைநகரத்து நடுவில், நாடாளுமன்றத்துக்கு அண்மையில், பீட்டர் ஐசன்மான் என்பார் 2,711 காரைக்கற் பாளங்களை நிரல்பட நிறுத்தினார், 2005இல் திறந்தனர். உள்ளே நடக்க நடக்கத் தரை தாழ்ந்து, பாளங்கள் தலைக்குமேல் உயர்ந்து, உடன் வந்தவர் கண்ணுக்கு மறைவாராம். அப் பாளங்களில் ஓர் எழுத்தும் இல்லை. இஃது எனக்கு உவப்பாயில்லை என்று எழுத இருந்தேன். பின்னர் அறிந்தேன்: அதன் அடியில் நிலவறை உண்டு, அங்கே பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து ஒலிக்கச் செய்கின்றனர். கொல்லப்பட்ட அனைவர் பெயரையும் வரலாற்றையும் அங்ஙனம் படித்து முடிக்க 6 ஆண்டு 7 திங்கள் 27 நாள் ஆகுமாம். ஒரு குழந்தை முதல் வகுப்பில் சேர்ந்த நாளிற் படிக்கத் தொடங்கினால், அது ஏழாம் வகுப்பிற் பாதியைக் கடக்கும்போதுதான் முடியும்.

அதனை எழுப்பியது யார் என்பதை மறவாதீர். கொல்லப்பட்டவரல்லர், கொன்றவர் நாட்டு நாடாளுமன்றம், 1999இல் தானே தீர்மானித்தது. இங்கேதான் எனக்கு வெண்மணி நினைவுக்கு வருகின்றது. 1968 திசம்பர் 25இல் கூலி கேட்ட 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தவர் செருமானியரா? சிங்களரா? தமிழர்! அங்கும் நினைவுக்கல் நிற்கின்றது, பெயர்கள் உள்ளன. எரிக்கப்பட்டோரின் தோழர்கள் எழுப்பினர். எரித்தவரைச் சார்ந்த நாம், சாதியை நெஞ்சில் வைத்துக்கொண்டே தமிழினம் என்று மேடையேறும் நாம், என்ன எழுப்பினோம்? என்மீது சினம் கொள்வோர் கொள்க.

இன்னொன்றும் கேட்பீர்கள், சென்ற கிழமை ஓர் இளைஞர் கேட்டேவிட்டார். “ஐயா, யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் மேல் குண்டு போட்ட கிபிர் வானூர்தி யூதர் நாடு விற்றதுதானே? இன்று காசாவில் நடப்பது என்ன? அவர்கள் துயரை நாம் ஏன் பேச வேண்டும்?” நேரிய கேள்வி. கிபிர் இசுரேலின் படைப்பு என்பது உண்மை. காசாவிற் குழந்தைகள் மடிந்ததும் உண்மை. அக் குழந்தைகளுக்கும் பெயருண்டு. ஆனால் 1943இல் மடிந்த வார்சாக் குழந்தை எவருக்கும் வானூர்தி விற்கவில்லை. ஓர் அரசு செய்ததற்கு, அவ்வரசு பிறக்குமுன்பே சாம்பலானவரைப் பொறுப்பாக்கினால், அது யாருடைய கணக்கு முறை? மக்களைப் பெயரால் எண்ணாமல் இனத்தால் எண்ணியவன் கணக்கு முறையன்றோ?

பெர்லினிலேயே இன்னொரு சதுக்கம். 1933 மே 10இல் மாணவரும் படையினரும் அங்கே நூல்களைக் குவித்து எரித்தனர். 1995இல் மிக்கா உல்மான் என்னும் கலைஞர் அவ்விடத்தில் ஒன்றும் எழுப்பவில்லை, கீழே தோண்டினார். தரையிற் பதித்த கண்ணாடி வழியே குனிந்து பார்த்தால் ஓர் அறை. சுற்றிலும் வெண்ணிற அடுக்குகள். ஒரு நூலும் இல்லை. 20,000 நூல்களுக்கான வெற்றிடம் அது. இதைப் படித்தபோது 1981 சூன் 1 விடியலை எண்ணாத தமிழன் உண்டா? யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்தன. ஓலைச்சுவடிகள் எரிந்தன, அவற்றுட் சில உலகில் வேறெங்கும் இல்லாதவை. அத் தீயைக் கண்ட தாவீது அடிகளார் என்னும் பன்மொழிப் புலவர் அதிர்ச்சியால் உயிர்நீத்தார். எரிந்த சுவரை அப்படியே நினைவாக விட்டுப் பக்கத்திற் புதிதாகக் கட்டலாம் என்றொரு கருத்தும் எழுந்தது. இன்று அங்கே வெள்ளை வெளேரென்று பழைய வடிவிலேயே கட்டடம் நிற்கின்றது. பிள்ளைகள் படிக்கின்றார்கள், நன்று. ஆயினும் புகைக்கறை படிந்த ஒரு தூணையாவது பூசாமல் விட்டிருக்கலாம் என்று என் நெஞ்சு அடித்துக்கொள்கின்றது.

புடாபெசுட்டில் தானியூபு ஆற்றங்கரை ஓரத்தில் இரும்பில் வார்த்த அறுபது இணைக் காலணிகள் 2005 முதல் கிடக்கின்றன. 1944–45 குளிர்காலத்தில் யூதர்களைக் கரையில் நிறுத்திக் காலணியைக் கழற்றச் சொல்லிச் சுட்டு ஆற்றில் வீழ்த்தினார்கள். காலணிக்கு விலை உண்டல்லவா! அவற்றில் ஒன்று சிறு குழந்தையுடையது. முள்ளிவாய்க்கால் மணலிற் செருப்புகள் சிதறிக்கிடந்த படத்தைக் கண்டவர்கள், இதற்குமேல் யான் விளக்க வேண்டும் என்று கேளார்.

நம் நினைவிடங்களுக்கு நேர்ந்ததைச் சுருக்கிச் சொல்லுகின்றேன். கோப்பாய்த் துயிலுமில்லத்தை இடித்த இடத்திற் படைத்தலைமையகம் எழுந்தது. 2013 நவம்பரில் தஞ்சை விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் திறந்தது, ஓவியர் வீர. சந்தனம் ஈடுபட்டு உருவாக்கிய அதன் கருங்கற் புடைப்புச் சிற்பங்களை நீங்கள் நேரிற் காண வேண்டும். ஒரு கிழமைக்குள் அதன் சுற்றுச்சுவரை இடித்தார்கள், இடித்தது கொழும்பன்று. 2021 சனவரி 8 இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து நினைவுத்தூண் தரைமட்டமானது. மாணவர் உண்ணாநோன்பிருந்து அவ்வாண்டு ஏப்பிரலிலேயே மீண்டும் எழுப்பினர். அதே மே திங்களில், முள்ளிவாய்க்காலில் நாட்டக் கொணர்ந்த பெருங்கல் ஓரிரவில் மறைந்தது. 2025 மே 10இல் கனடாவின் பிராம்ப்டன் நகரில் எழுந்த நினைவுத்தூணுக்கு இலங்கை அரசு கனடாத் தூதரை அழைத்துக் கண்டித்தது. வெறுங்கல்லுக்கு ஏன் இத்தனை அச்சம்? கல் நடமுடியாத ஆண்டுகளிலும் ஈழத்தார் மே திங்களிற் கஞ்சி காய்ச்சித் தெருவில் நின்று வார்க்கின்றனர்; தொல்காப்பியர் சொன்ன பெரும்படை அதுதான். அதற்கும் சிறைப்படுத்தினார்கள், 2024இல்.

ஆனால் உறவினர்களே, எழுதாத பெயரை எவன் இடிக்க வேண்டும்? அது முன்பே இடிந்து கிடக்கின்றது. ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது. 2012இல் ஐ.நா.வின் உள்ளாய்வு 70,000க்கு மேல் என்றது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அரசின் குடிக்கணக்கைக் கொண்டே 1,46,679 பேர் கணக்கில் வரவில்லை என்று ஆணைக்குழுமுன் சொன்னார். நாற்பதாயிரத்துக்கும் ஒன்றரை இலக்கத்துக்கும் இடையில் நிற்பவர் யார்? ஓர் இலக்கம் மாந்தர் உளரா இலரா என்பதையே வழக்காக்கி விட்டார்கள். அவ் வழக்கை எண்ணைக்கொண்டு வெல்ல முடியாது.

இதில் நாமும் தூயவரல்லேம். 1939இல் சிறையில் மாண்ட நடராசன், தாளமுத்து பெயர்களை அறிவோம். 1964இல் தீக்குளித்த கீழப்பழுவூர்ச் சின்னச்சாமியை அறிவோம். 1965இல் பொள்ளாச்சித் தெருவிற் சுடப்பட்டு வீழ்ந்தவர்களில் மூவர் பெயரை இங்கு எழுந்து சொல்லுங்கள், பார்ப்போம்.

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இற் கண்டெடுத்த நடுகல் ஈராயிரம் ஆண்டுக்கும் முற்பட்டது. ஒருசில சொற்களே. அதற்குள் இறந்தவன் பெயர், ஊர், எதனால் இறந்தான் என்னும் மூன்றும் அடங்கிவிட்டன. செருமனியில் குண்டர் தெம்னிக்கு என்னும் கலைஞர், கொல்லப்பட்ட ஒவ்வொருவரும் வாழ்ந்த வீட்டு வாயிலில் ஒரு சாண்கூட இல்லாத பித்தளைக் கல்லைப் பதிக்கத் தொடங்கினார். இங்கு வாழ்ந்தவர் இன்னார், பிறந்த ஆண்டு, கொண்டு சென்ற நாள், கொன்ற இடம். இன்று ஐரோப்பா எங்கும் ஓர் இலக்கத்துக்கு மேற்பட்ட கற்கள். படிக்க வேண்டுமாயின் குனிந்தே ஆகவேண்டும். நம் அண்டை மாவட்டமாகிய திருவண்ணாமலையில் எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது: தலைவன் மாண்டபின் கள்வர் இருவரைக் கடித்து நின்ற நாய்க்கு. அந் நாயின் பெயர் கோவிவன். நாய்க்கும் பெயர் எழுதிய இனம் நாம்.

சென்ற ஆண்டு முதல் கீழ்ப்புத்துப்பட்டு முகாமுக்கு யான் போய் வருகின்றேன். அங்கே ஓர் அம்மையார். 2006இற் படகேறி வந்தவர். தங்கையின் குடும்பம் வன்னியில் நின்றுவிட்டது. 2009இல் அக் குடும்பத்தில் மடிந்தோர் பெயரைச் சொல்லச் சொல்ல யான் கோடிட்ட பள்ளிச் சுவடியில் எழுதினேன். பெயர், தந்தை பெயர், ஊர், அகவை, கடைசியாகக் கண்ட இடம். பத்து வரி எழுதியாயிற்று. பதினொன்றாவதாக, “தங்கச்சியின்ர பேத்தி, பிறந்து இருவது நாளாம்” என்றார். பெயர் கேட்டேன். “பேர் வைக்கேல்லை ஐயா” என்றார். எழுதுகோல் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தோம் என்று தெரியவில்லை. பிறகு அவரே, “தாயின்ர பேரைப் போட்டு, இன்னாற்ற பிள்ளை எண்டு எழுதுங்கோ” என்றார். அங்ஙனமே எழுதினேன்.

அச் சுவடி இம் மேசைமேல் இருக்கின்றது. இதுவரை 63 பெயர்கள். இக் கூட்டத்தில் ஈழத்து உறவு உடையவர்கள் சிலர் இருக்கின்றீர்கள் என்று அறிவேன். அறுபத்தைந்தில் மாண்டவரைத் தம் தந்தையார் வாய்மொழியாகக் கேட்டவரும் இருக்கலாம். கூட்டம் முடிந்தபின் வந்து சொல்லுங்கள். கடைசிப் பேருந்து ஒன்பதரைக்கு. அதுவரை எழுதிக்கொள்ள இங்கேயே அமர்ந்திருப்பேன்.